மூலைப் பீப்பாய்

பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: யோவான் 15:1-8



என் கையில் இருக்கும் இந்தக் கல் பின்வரிசைக்கும் தெரிகிறதா? உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கருஞ்சாம்பல் நிறம், ஓரத்தில் மட்டும் துருப்பிடித்த இரும்புபோல ஒரு செம்மை. இப்படி வெளிச்சத்தில் சாய்த்தால் காக்காய்ப்பொன் துகள்கள் மினுங்குகின்றன. விளிம்பில் நகத்தை வைத்து நெம்பினால் ஏடு ஏடாக உரிந்து வருகிறது. உங்களில் மூத்தவர்கள் சிறு வயதில் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போன கற்பலகை இந்தக் கல்லின் இனம்தான். ஸ்பெயினில் கத்தலோனியாவின் தென்பகுதியில் பிரியோராத் என்றொரு மலைநாடு இருக்கிறது. அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் இது என் காலடியில் கிடந்தது. தோட்டக்கார அம்மாவிடம் கேட்டு எடுத்து வந்தேன். கேட்டதற்கு அவர் சிரித்தார். தோட்டம் முழுவதும் இந்தக் கல்தான், மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. லிகொரெல்யா என்பது அந்த ஊர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம்மைத் திராட்சைச் செடி என்கிறார். தந்தை அதை வளர்ப்பவர், நாம் கொடிகள். மொத்தம் எட்டு வசனம். அந்த எட்டு வசனத்துக்குள் ஒரே வினைச்சொல் கிரேக்க மூலத்தில் ஏழு முறை வருகிறது. நம் பொது மொழிபெயர்ப்பு அதை ‘இணைந்திருத்தல்’ என்று தருகிறது. பிற சபைச் சகோதரர்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘நிலைத்திருத்தல்’. இரண்டில் எது சரி என்று நம் இளைஞர் குழுவில் ஒருவர் கேட்டார். இரண்டும் சரி. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குத் தங்குதல், குடியிருத்தல் என்றும் பொருள் உண்டு. முதல் சீடர் இருவரும் இயேசுவின் பின்னாலேயே போய் அவர் தங்கும் இடத்தை விசாரித்தார்களே, அங்கேயும் இதே சொல்தான். ஆக, ஆண்டவர் நம்மை வந்து ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்; ஒட்டிய இடத்திலேயே குடியிருக்கவும் சொல்கிறார். இணைவதும் நிலைப்பதும் எப்படி ஒரே செயலாகும் என்பது குருமடத்தில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கல்லுக்கு நடுவே நின்ற ஒரு வயதான செடியின் முன்னால் நின்றபோதுதான் பிடிபட்டது.

மொன்செராத் அன்னையின் திருத்தலத்துக்குப் போன ஒரு குழுவோடு நானும் போயிருந்தேன். மார்ச் மாதக் கடைசி, தவக்காலம். எங்களுக்கு வழிகாட்டிய கத்தலான் குருவானவர் தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க எங்களைப் பிரியோராத்துக்கு அழைத்துப் போனார். கிராதல்யோப்ஸ் என்ற குன்றின் மேல் இருக்கும் சிற்றூர். அங்கே வீட்டின் கீழ்த்தளத்திலேயே திராட்சை இரசம் இறக்கும் ஒரு சிறிய கூடம். அதை நடத்துபவர்தான் அந்தத் தோட்டக்கார அம்மா, எழுபது வயதைத் தாண்டிய ஒரு கைம்பெண்.

திராட்சை என்றதும் நம் மனத்தில் வருவது கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல். தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பச்சைக் கூரையாகக் கொடி படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பழம் தொங்கும். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிரியோராத்தின் பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. செடி முழங்கால் உயரம்தான். ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்ததுபோல அடிமரம். அதிலிருந்து நாலைந்து கைகள் கிண்ணம்போல மேல்நோக்கி விரிந்திருக்கும். மலைச்சரிவில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் இன்றும் கோவேறு கழுதை பூட்டி உழுகிறார்கள். பழத்தைக் கையால்தான் பறிக்கிறார்கள், கூடையைத் தோளில்தான் இறக்குகிறார்கள். கர்நாச்சா, கரின்யெனா என்ற இரண்டு கருந்திராட்சை வகைகள் அந்த மலையின் பழைய குடிகள்.

மழை ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர்தான். அதிலும் கோடையில் வானம் பொய்த்துவிடும். பெய்கிற மழையும் மேலே நிற்காது, இந்தக் கல்லின் ஏடுகளுக்கு இடையே புகுந்து ஆழத்துக்குப் போய்விடும். அதனால் செடி என்ன செய்கிறது தெரியுமா? மேலே வளர்வதைக் குறைத்துக்கொண்டு கீழே வளர்கிறது. கல் எங்கே பிளந்திருக்கிறதோ அங்கே வேர் நுழைகிறது. பிளவு திரும்பும் இடத்தில் வேரும் திரும்புகிறது. பல மீட்டர் ஆழத்தில், வெயிலின் கை எட்டாத இடத்தில் தங்கிய ஈரத்தை அது போய்ச் சேர்கிறது. சாலை போட மலையை வெட்டிய ஓரிடத்தில் அந்த வேரை நான் பார்த்தேன். என் தலைக்கு மேலே செடி. அங்கிருந்து விரல் கனத்தில் ஒரு வேர் என் இடுப்பு உயரம்வரை கல் ஏடுகளுக்கு நடுவே இறங்கி, அதற்கும் கீழே கண்ணுக்கு மறைந்துபோயிருந்தது.

விதைப்பவர் உவமையில் பாறை நிலத்து விதை காய்ந்துபோகிறது, வேர் இறங்க வழி இல்லாததால். எசாயாவின் திராட்சைத் தோட்டத்திலோ, அதன் சொந்தக்காரர் நிலத்தைக் கொத்திக் கற்களைப் பொறுக்கி எறிகிறார். பிரியோராத்தில் கல்லைப் பொறுக்கி எறிந்தால் தோட்டமே மிஞ்சாது. இங்கே கல்தான் நிலம். அது பிளந்த கல் என்பதால் செடி பிழைக்கிறது. நொறுங்கிய மனத்தை ஆண்டவர் தள்ளுவதில்லை என்று நாம் மன்றாடும்போதெல்லாம் இனி எனக்கு இந்தக் கல் நினைவுக்கு வரும்.

அப்படிப் பாடுபட்டு ஒரு முதிய செடி ஓர் ஆண்டில் கொடுப்பது பல நேரங்களில் ஒரு கிலோ பழம்கூட இல்லை. ஒரு புட்டி இரசத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். ஒரு செடியின் ஓராண்டு உழைப்பு ஒரு புட்டியை நிரப்பாது என்று பொருள். ‘சாமி, ஆண்டவர் மிகுந்த கனி கேட்கிறாரே, இது எப்படி மிகுதியாகும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அங்கே அதைத்தான் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் இரசம் ஊற்றி, அதற்குப் பின்னால் தம் விரலைப் பிடித்துக் காட்டினார். விரல் தெரியவில்லை. அவ்வளவு கருமை, அவ்வளவு செறிவு. கோப்பையைச் சாய்த்துவிட்டு நிமிர்த்தியபோது இரசம் கண்ணாடிச் சுவரில் தேன்போல மெல்ல வழிந்து இறங்கியது. எத்தனை கூடை என்று எண்ணிப் பழகியவனுக்கு அது புதிய பாடம். நம் பங்கிலும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு காணிக்கை விழுந்தது என்று ஆண்டுதோறும் எண்ணுகிறோம். பத்து ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் கணவருக்கு வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டே செபமாலை சொல்லும் நம் சகோதரியின் கனியை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

பிரியோராத் என்ற பெயரே நம் திருச்சபையிலிருந்து பிறந்தது. மொன்சான் என்ற நெடிய பாறைமலை அந்த நாட்டின் மேல் ஒரு சுவர்போல நிற்கிறது. புனித மலை என்று பொருள். அதன் அடிவாரத்தில் 1194இல், அரகோன் அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில், கார்த்தூசியன் துறவியர் ஒரு மடம் எழுப்பினார்கள். ஐபீரியத் தீபகற்பத்தில் அந்தச் சபையின் முதல் மடம் அதுதான். அங்கே ஓர் இடையர் உயர்ந்த பைன் மரத்தின் மேல் ஓர் ஏணி சாய்ந்திருப்பதையும் அதில் வானதூதர் ஏறி இறங்குவதையும் கண்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். யாக்கோபு கண்ட கனவு ஒரு கத்தலான் இடையருக்கும் கிடைத்தது! அதனால் மடத்துக்கு ஸ்காலா தேயி, இறைவனின் ஏணி, என்று பெயர் வந்தது. மடத்தின் தலைவர் பிரியோர். அவருடைய ஆளுகையில் இருந்த ஊர்கள் பிரியோராத்.

புனித புரூனோ 1084இல் ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிய இந்தச் சபையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு துறவிக்கும் தனிக் குடில், குடிலுக்குப் பின்னால் நாலு சுவருக்குள் ஒரு சிறு தோட்டம். பேச்சு மிகக் குறைவு, இறைச்சி இல்லை. நள்ளிரவில் எழுந்து கோவிலில் கூடிப் பாடுவார்கள். உலகம் சுழல்கிறது, சிலுவையோ அசையாமல் நிற்கிறது என்பது அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் வாக்கு. தங்குவதைத் தொழிலாகக் கொண்ட மனிதர்கள் என்றே சொல்லலாம். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த மலையில் தங்கினார்கள், திராட்சையை வளர்த்தார்கள், பீடத்தில் அதன் இரசத்தை வைத்தார்கள்.

பீடத்துக்கு அருகே நின்று திருச்சபையின் வரலாற்றைப் பேசுகிறவன் பாதியோடு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். ஆகவே மீதியையும் சொல்கிறேன். பிரியோர் செபிக்கும் துறவி மட்டும் அல்லர், நிலத்தின் ஆண்டையும் அவரே. உழவர் விளைச்சலில் ஒரு பங்கு மடத்துக்குப் போனது. 1835இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தத் தொடங்கியபோது துறவியர் வெளியேறினார்கள். மடம் சூறையாடப்பட்டது, எரிந்தது. இன்று அங்கே போனால் கூரையில்லாத வளைவுகளையும் புல் முளைத்த முற்றத்தையும் பார்க்கலாம். அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு வருத்தத்தோடு வெட்கமும் வந்தது. கொடியைத் தந்தை கழித்துவிடுவார் என்று கேட்கும்போது நாம் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரரை நினைக்கிறோம். திருச்சபையாகிய நமக்கும் கத்தி உண்டு. மடத்தின் சுவர்கள் விழுந்தன, அதன் கருவூலம் போயிற்று. கீழே சரிவில் உழவரின் கையில் செடி மட்டும் நின்றது.

பிறகு வந்தது ஒரு பூச்சி. ஃபைலாக்ஸெரா என்று பெயர். நம் ஊர் அசுவினிக்கு உறவு, கடுகைவிடச் சிறியது. வட அமெரிக்காவிலிருந்து செடிகளோடு கப்பலேறி வந்து 1860களில் பிரான்சின் தோட்டங்களில் தொற்றியது. மண்ணுக்குள் இருந்து வேரை உறிஞ்சும். செடி மேலே பச்சையாகவே இருக்கும். ஒருநாள் மஞ்சளாகி, அடுத்த ஆண்டு செத்துவிடும். பிரான்சின் தோட்டங்கள் அழிந்தபோது பிரெஞ்சு வணிகர்கள் கத்தலோனியாவுக்கு வந்து இரசம் வாங்கினார்கள். விலை ஏறியது. குன்றின் உச்சிவரை செடி நட்டார்கள். பக்கத்து நாட்டின் துயரம் இங்கே வாழ்வாக மாறிய காலம் அது. அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1890களில் பூச்சி பிரியோராத்தையும் எட்டியது. ஒரு தலைமுறையின் உழைப்பு வேரோடு போனது.

மருந்து எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். பூச்சி பிறந்த அதே அமெரிக்காவிலிருந்து! அங்கத்துக் காட்டுத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும், ஆனால் அதன் பழம் இரசத்துக்கு உதவாது. ஆகவே அமெரிக்க வேர்ச்செடியை முதலில் நட்டு, அதன் தலையை வெட்டி, நடுவே பிளந்து, அந்தப் பிளவுக்குள் கர்நாச்சாவின் குச்சியை ஆப்புபோலச் சீவிச் செருகினார்கள். நாரால் இறுகக் கட்டினார்கள். காயாமல் இருக்க மண்ணைக் குவித்து மூடினார்கள். ஒட்டு மாங்கன்று கட்டத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு காயங்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். பட்டை பட்டையைத் தொட்டால் பயன் இல்லை. பட்டைக்கு உள்ளே இருக்கும் பச்சைப் படலம் பச்சைப் படலத்தைத் தொட வேண்டும். தொட்ட பிறகு அசையக் கூடாது. பிடித்ததா என்று தினமும் ஆட்டிப் பார்ப்பவன் கையில் எந்த ஒட்டும் பிடிக்காது.

இணைவதும் நிலைப்பதும் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கேதான். அந்த அம்மா ஒரு பழைய செடியின் அடிமரத்தைத் தடவி, தரையை ஒட்டி முழங்கைபோலப் புடைத்திருந்த ஒரு கணுவைக் காட்டினார். அவருடைய கணவரின் பாட்டனார் போட்ட ஒட்டு. கீழே அமெரிக்கா, மேலே கத்தலோனியா. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தழும்பு மறையவில்லை. அந்தத் தழும்பு வழியாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் நீர் ஏறுகிறது.

இப்போது இன்றைய முதல் வாசகத்துக்குத் திரும்புங்கள். சவுல் எருசலேமுக்கு வந்து சீடர்களோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கிறார். அவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்சாமல் என்ன செய்வார்கள்? அவர்களுடைய வேரை உறிஞ்ச வந்தவர் அவர்தானே. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் உடைகள் அவர் காலடியில் கிடந்தன. கொள்ளைநோய் வந்த திசையிலிருந்தே மருந்தும் வரும் என்று யார் நம்புவார்? பர்னபா நம்பினார். சவுலைக் கையோடு அழைத்துப் போய்த் திருத்தூதர்கள் முன் நிறுத்தினார். தோட்டத்து மொழியில் சொன்னால், பர்னபாதான் அந்த நார். இரண்டு காயங்களையும் சேர்த்து, ஒட்டுப் பிடிக்கும்வரை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒட்டுப் பிடித்த பிறகு நார் மக்கி உதிர்ந்துவிடும். திருத்தூதர் பணிகள் நூலிலும் கொஞ்ச காலத்தில் பர்னபாவின் பெயர் குறைந்து, பவுல் என்று அழைக்கப்படும் சவுலின் பெயர் நிறைகிறது. நம் பங்கில் நாலு ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் இரண்டு குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாராக இருக்க ஒருவர் வேண்டும். அது நானாகவும் இருக்க வேண்டியிருந்தது, இதுவரை நான் போகவில்லை. இந்த வாரம் போகிறேன்.

ஒட்டுப் போட்டுச் செடிகள் தழைத்தாலும் பழைய வளம் திரும்பவில்லை. ரெயுசிலும் பார்சிலோனாவிலும் ஆலைகள் அழைத்தன, இளைஞர்கள் இறங்கிப் போனார்கள். சரிவுகளில் பைன் மரமும் புதரும் ஏறின. கல் வரப்புகள் சரிந்தன. மீந்தவர்கள் ஊர்க் கூட்டுறவுக் கூடத்துக்குப் பழத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இரசத்தைப் பீப்பாய்க் கணக்கில் விற்றார்கள். வேறு ஊர்களின் வெளிறிய இரசத்துக்கு நிறமும் வலுவும் ஏற்ற அது கலக்கப்பட்டது, பெயர்கூட இல்லாமல். 1954இல் அரசு அந்த நாட்டின் இரசத்துக்குத் தனி ஊர்ப்பெயர் உரிமை கொடுத்தது. காகிதத்தில் உரிமை வந்தாலும் கையில் காசு வரவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் ஒரு கிலோகூடத் தராத செடியைப் பிடுங்காமல், அதற்காக மலை ஏறி இறங்கியவர்கள் யார்? பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுக்குத் திட்டம் எதுவும் இல்லை. அப்பா நட்ட செடி, அவ்வளவுதான்.

1989இல் நிலைமை மாறியது. ரெனே பார்பியே என்பவர் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கிராதல்யோப்ஸில் நிலம் வாங்கியிருந்தார். அவரைச் சுற்றிச் சிலர் சேர்ந்தார்கள். ரியோஹாவிலிருந்து வந்த 25 வயது அல்வாரோ பலாசியோஸ், ஆசிரியராக இருந்த ஜோசெப் லூயிஸ் பெரேஸ், கார்லெஸ் பாஸ்த்ரானா, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தாஃப்னி குளோரியான். கையில் காசு குறைவு. அதனால் அந்த ஆண்டுப் பழத்தை எல்லாம் ஒரே கூடத்தில் ஒன்றாகச் சேர்த்து இரசமாக்கி, ஐந்து பெயரில் புட்டியில் அடைத்தார்கள். அந்த இரசம் உலகத்தின் கண்ணைத் திறந்தது. இன்று ஸ்பெயின் முழுவதிலும் மிக உயர்ந்த தரச்சான்று பெற்ற பகுதிகள் ரியோஹாவும் பிரியோராத்தும் மட்டும்தான். கிராதல்யோப்ஸின் மேலே ஆறுதல் மாதாவின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அதன் அருகில் உள்ள சரிவின் பழைய கர்நாச்சாச் செடிகளிலிருந்து பலாசியோஸ் இறக்கும் இரசத்துக்கு அந்த ஆலயத்தை வைத்தே லெர்மீத்தா என்று பெயர். அதன் ஒரு புட்டி ஆயிரம் யூரோவையும் தாண்டி விற்கிறது.

அந்த ஐவரின் துணிச்சலை நான் மதிக்கிறேன். அவர்கள் வராமல் இருந்தால் அந்த ஊர்கள் இன்று வெறும் சுவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் தேடி வந்த அந்த ஆழமான வேர் ஒரே நாளில் இறங்கியதில்லை. லாபம் இல்லாத காலத்தில் செடியைப் பிடுங்காமல் விட்ட கைகளைப் பற்றி எந்தப் புட்டியின் மேலும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கைகளை நினைத்தபோது என் அம்மாவின் தலைமுறை நினைவுக்கு வந்தது. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே வந்த ஊர்களில், மாலையில் விளக்கேற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தானே.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் இரசத்தைப் பற்றிப் பேசப் பேச, உங்களில் சிலருடைய முகம் இறுகுவதைப் பார்க்கிறேன். மதுவால் வீடு சிதைந்தவர்கள் இந்தக் கோவிலில் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறீர்கள். குடித்துச் செத்தவர்களை நானே அடக்கம் செய்திருக்கிறேன். ஆண்டவர் தம் இரத்தத்தின் அடையாளமாகத் தேர்ந்த கனியைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சிகிச்சைக்கு நானே உடன் வருகிறேன். இன்னொன்று. நிலைத்திருங்கள் என்ற சொல்லைக் காட்டி, அடிக்கிற கணவனிடம் பொறுத்துக்கொண்டு இரு என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் புத்தி சொல்லக் கூடாது. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. தம்மில் நிலைத்திருக்கத்தான் ஆண்டவர் கேட்டார். அவரில் நிலைத்திருப்பதற்காகவே சில வாசல்களைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். வருகிறவர்களுக்கு இந்தப் பங்கு இல்லத்தின் கதவு இரவிலும் திறக்கும்.

கழித்துவிடுதலைப் பற்றிச் சொன்னேன். அங்கே அந்த வேலை குளிர்காலத்தில் நடக்கிறது. போன ஆண்டின் கொடிகளை எல்லாம் வெட்டி, ஒவ்வொரு கையிலும் ஒன்றிரண்டு மொட்டுகள் உள்ள சிறு குச்சியை மட்டும் விடுகிறார்கள். நாங்கள் போன மார்ச் கடைசியில் தோட்டம் முழுவதும் மொட்டைக் கட்டைகளாக நின்றது. அருகே குனிந்து பார்த்தேன். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு நீர், கண்ணாடி மணிபோல. அது பெருகி விழும், உடனே அடுத்தது ஊறும். கீழே கல்லில் ஈரப் புள்ளிகள். மேலே மழை இல்லை, பனியும் இல்லை. குளிர் குறைந்து நிலம் வெதுவெதுப்பானதும் ஆழத்து வேர் விழித்து நீரை மேலே தள்ளுகிறது. குடிக்க இலை இன்னும் வராததால் வெட்டுவாய் வழியே அது வடிகிறது. செடி அழுகிறது என்றே அங்கே சொல்கிறார்கள். வலிக்குமா என்று எங்களோடு வந்த ஒரு சிறுமி கேட்டாள். அந்த அம்மா அவள் விரலைப் பிடித்து அந்தச் சொட்டைத் தொடவைத்தார். ‘இந்த வரிசையில் அழாத செடி இரண்டு இருக்கிறது. அவற்றைத்தான் நான் நாளை தோண்டி எடுக்க வேண்டும்’ என்றார்.

இந்த ஆண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இங்கே இருக்கிறார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அவரிடம், அழாதே, விசுவாசம் உள்ளவள் அழலாமா என்று கேட்கிறார்களாம். அம்மா, நீங்கள் அழுங்கள்.

கடைசியாக அந்த அம்மா எங்களைக் கூடத்தின் உள்கோடிக்கு அழைத்துப் போனார். புதிய மரப்பீப்பாய்கள், எஃகுத் தொட்டி, கழுவிக் கவிழ்த்த வாளிகள் எல்லாவற்றையும் தாண்டி, சுவர் மூலையில் தூசி படிந்த ஒரு சிறு பீப்பாய். அந்த நாட்டில் பல குடும்பங்களில் இப்படி ஒன்று உண்டு. மூலைப் பீப்பாய் என்று அதற்குப் பெயர். அதில் இருப்பது விற்பதற்கான இரசம் கிடையாது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், திருவிழா, விருந்தாளி என்று வரும்போது மட்டும் கொஞ்சம் எடுப்பார்கள். எடுத்த அளவுக்குப் புதிய இரசத்தை ஊற்றி நிரப்புவார்கள். ஒருபோதும் அடிவரை வடித்ததில்லை. காற்றும் காலமும் பட்டுப் பட்டு அது கருமை போய்த் தேக்கு நிறத்துக்கு வந்திருந்தது. வாதுமைக்கொட்டையின் மணம். தவக்காலம்தான், ஆனால் அந்தக் கையிலிருந்து வந்த கோப்பையை மறுக்க மனம் வரவில்லை, உதட்டை நனைத்துக்கொண்டேன்.

இதில் யாருடைய இரசம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். என் கணவர் ஊற்றியது. என் மாமனார் ஊற்றியது, போருக்குப் போவதற்கு முன்பும் திரும்பி வந்த பிறகும். அவருடைய அப்பா. ஒட்டுப் போட்டாரே அவர். பிறகு கையை விரித்தார், அதற்கு முன்னால் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ‘என் மகன் பார்சிலோனாவுக்குப் போன வருஷம் நான் ஊற்றியதும் இதில்தான் இருக்கிறது’ என்றார்.

நாங்கள் ஒன்பது பேர், ஒன்பது சின்னக் கோப்பை. நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தொட்டியிலிருந்து அந்த ஆண்டின் புதிய இரசத்தை ஒரு குவளையில் பிடித்து வந்து, பீப்பாயின் மேலே இருந்த மர அடைப்பைக் கழற்றி, புனலை வைத்து, சிந்தாமல் ஊற்றினார். உள்ளே பழையதோடு புதியது கலக்கும் சத்தம் கேட்டது. அடைப்பை வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

விசுவாச அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.